நான்கு துடிப்பு குறைவு

எவ்வளவு ஓடினாலும் தன் நெஞ்சு நிமிடத்துக்கு நூற்றைம்பத்தேழு தடவைக்கு மேல் அடிக்காது என்ற விவரம் குளோரிக்கு நாற்பத்திரண்டு வயது வரை தெரியாமலே இருந்தது. தெரியாததால் ஒரு குறையும் வந்ததில்லை. குளச்சலுக்கு மேற்கே கடலை ஒட்டிய ஊர் அவளுக்கு. பதினாறு வயதில் தலையில் மீன் சருவம் ஏற்றியவள், கருங்கல் சந்தை வரைக்கும் நடந்து விற்றுவிட்டு நடந்தே திரும்புவாள். கூட வருகிறவர்கள் மேட்டில் பாதி வழியில் சருவத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். இவள் மேட்டின் உச்சியில் நின்றுகொண்டு, "ஏட்டி, மீனு நாறிப் போவும், வாங்கட்டி" என்று கூப்பிடுவாள்.

அவள் கணவன் கிளீட்டஸ் கடற்கரைப் பயணியர் பாதுகாப்பு வாரியத்தில் மீட்புக் காவலனாக இருந்தான். மஞ்சள் பனியன், ஒரு விசில், ஒரு மிதவை. அலையில் இழுபடுகிறவர்களைக் கரைக்குக் கொண்டுவருவது வேலை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செல்ஃபி எடுக்கப் பாறையில் ஏறி வழுக்கி விழுந்த ஒருவனைக் கிளீட்டஸ் கரையில் கொண்டுவந்து போட்டான். அந்த ஆள் இருமி, தண்ணீர் கக்கி, எழுந்து உட்கார்ந்து, தன் போன் எங்கே என்று கேட்டான். கிளீட்டஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். வயது நாற்பத்தைந்து.

வாரியத்திலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. 'முழு உடற்தகுதியுடன் பணியாற்றி வந்த நிலையில் காலமானார்' என்று அதில் இருந்தது. கூடவே, கருணை அடிப்படையில் குளோரிக்கு ஒரு வேலை தரலாம் என்றும் இருந்தது. வாரியத்தின் பூங்கா வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டு கிழிக்கிற வேலை.

குளோரி போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கிளீட்டஸ் போன பிறகு அவளுக்கு மணலில் இறங்கவே கால் வரவில்லை. மீன் ஏலத்துக்குப் போகாமல் மூன்று மாதம் ஆகியிருந்தது. பூங்கா வாசல் ரோட்டைப் பார்த்து இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அது போதும் என்று நினைத்தாள். நர்சிங் முதல் வருஷம் படிக்கிற மகள் ஜின்சியிடம், "ஒனக்க அப்பாவுக்க ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காவ மக்கா. நெழல்ல இருக்குத வேல" என்றாள்.

வேலைக்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை உண்டு என்று கடிதத்தின் கடைசி வரி சொன்னது.

சோதனை நடக்கும் இடம் தக்கலையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது மாடி. வாரியத்தின் முயற்சி மதிப்பீட்டு மையம் என்று பலகை. குளோரி படியேறிப் போய்ப் பத்து நிமிடம் காத்திருந்தாள். அதன் பிறகு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று, இயக்குநர் ராஜகுமார் வந்து சேர்ந்தார். நாற்காலியில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் அவரால் உடற்தகுதியைப் பற்றிப் பேச முடிந்தது.

"அம்மா, வாரியத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர், நின்று வேலை செய்கிறவர் என்ற பேதமே கிடையாது. எல்லோரும் ஓட வேண்டும். இருநூற்று இருபதிலிருந்து உங்கள் வயதைக் கழித்தால் நூற்று எழுபத்தெட்டு. உங்கள் இதயம் அதிகபட்சம் துடிக்க வேண்டியது அவ்வளவு. அதில் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால்தான் நீங்கள் முழு முயற்சி எடுத்ததாக வாரியம் நம்பும். நூற்று அறுபது புள்ளி இரண்டு வருகிறது. புள்ளி இரண்டு துடிப்பு துடிக்கச் சொன்னால் அது மனிதாபிமானம் ஆகாது. ஆகவே நூற்று அறுபத்தொன்று."

"சீட்டு கிழிக்கதுக்கு ஓடணுமா சாரே?"

"ஒரு பயணி சீட்டு வாங்காமல் உள்ளே ஓடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். துரத்த வேண்டாமா?"

"சத்தம் போட்டா நிப்பாவளே."

"சத்தம் போடுவது முயற்சியில் சேராது" என்றார் ராஜகுமார்.

மையத்தில் கருவியை இயக்குகிறவள் எலிசா. குளோரியின் வயதுதான் இருக்கும். அவள் குளோரியின் நெஞ்சில் பத்து இடத்தில் வயரை ஒட்டி, சேலையை ஏற்றிச் செருகச் சொல்லி, ஓடுகிற பட்டையின் மேல் நிறுத்தினாள். பட்டை நகர்ந்தது. முதலில் சந்தைக்குப் போகிற நடை. பிறகு பஸ்ஸைப் பிடிக்கிற நடை. பிறகு ஓட்டம். பட்டையின் முன்பக்கம் மேடாக உயர்ந்தது. பத்து நிமிடத்தில் எல்லோரும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். குளோரி பதினான்காவது நிமிடத்தில் கேட்டாள்.

"இன்னும் கூட்டணுமா சிஸ்டரே?"

"இதுக்கு மேல மெஷின்ல இல்ல அக்கா."

திரையில் நூற்றைம்பத்தேழு. அரை நிமிடம், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முகம் சிவந்து, ரவிக்கை நனைந்து, கால் நடுங்க ஆரம்பித்த பிறகும் நூற்றைம்பத்தேழு. எலிசா நிறுத்தினாள். கருவி ஒரு தாளைத் துப்பியது. அதன் அடியில் அச்சாகியிருந்தது: 'தேவை 161. அடைந்தது 157. முயற்சி போதாது.'

ராஜகுமார் தாளைப் பார்த்து வருத்தப்பட்டார். "இதயம் என்பது ஒரு கீழ்நிலை ஊழியர் மாதிரி அம்மா. மேலிடம் கேட்டால் கொடுக்க வேண்டும். உங்கள் இதயம் நான்கு துடிப்பைக் கைவசம் வைத்துக்கொண்டு தர மறுக்கிறது."

"நானா சாரே பிடிச்சு வச்சிருக்கேன்? அதுக்கு உள்ளதத்தான் அது அடிக்கும்."

"எல்லோரும் இப்படித்தான் ஆரம்பத்தில் சொல்கிறார்கள்" என்றார் அவர். நூற்று அறுபத்தொன்றுக்கு மேல் இருப்பவர்கள் எதுவும் சொல்வதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

படியிறங்கும்போது எலிசா கூடவே வந்தாள். "அக்கா, நீங்க வெசனப்படாதீங்க. அந்தக் கணக்கு ஊரு மொத்தத்துக்கும் சேத்துப் போட்ட சராசரி. ஒங்க வயசுல நூறு பேர ஓட விட்டா ஒருத்திக்கு நூத்தித் தொண்ணூறு அடிக்கும், ஒருத்திக்கு நூத்தி அம்பத்தஞ்சோட நின்னிரும். பொறவியிலேயே அப்படி. அதுக்கும் தெம்புக்கும் சம்பந்தமே இல்ல. ஒங்களுக்க கோடு சுத்தமா இருக்கு. இந்த மெஷின்ல இவ்வளவு நேரம் ஓடுன ஆள நான் பாத்ததில்ல."

"இத அவருட்ட சொல்லக்கூடாதா?"

எலிசா கைப்பிடியின் துருவைச் சுரண்டினாள். "சொல்லிப் பாத்தாச்சுக்கா. மின்னேயே ஒருதடவ ஒரு காரியம் சொன்னேன். அத ஒருத்தரும் கேக்கல்ல" என்றாள். என்ன காரியம் என்று சொல்லவில்லை. குளோரியும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மறுசோதனைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் விண்ணப்பதாரர் இயல்பிலேயே முயற்சி எடுக்கக்கூடியவர்தான் என்பதற்கு இரண்டு பேரிடம் சான்று வாங்கி வர வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "சாதிக்கு ரிஜிஸ்டர் இருக்கு, வருமானத்துக்கு இருக்கு, நெலத்துக்கு இருக்கு. முயற்சிக்கு எனக்க கிட்ட ரிஜிஸ்டர் இல்லியே" என்றார். கடைசியில், மேற்படி நபர் இக்கிராமத்தில் வசித்து வருகிறார் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள்ளேயே முயற்சியும் அடங்கும் என்று அவர் சொன்னது ஒருவகையில் சரிதான். பங்குத்தந்தை அல்போன்ஸ் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, 'இவர் சோம்பியிருந்து நான் பார்த்ததில்லை. கடவுளும் பார்த்திருக்க மாட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

மறுசோதனைக்கு ராஜகுமார் ஊக்குவிப்புக் குழு ஒன்றை அமைத்திருந்தார். தட்டச்சர் பட்டையின் இடது பக்கம் நின்று கைதட்டினார். அலுவலக உதவியாளர் வலது பக்கம் நின்று, "விடாதீங்க, விடாதீங்க" என்றார். இவர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை என்று பதிவேட்டில் இருந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் நூற்றைம்பத்தேழு. அவளைத் திடுக்கிட வைக்க உதவியாளர் அவள் காதருகே ஒரு காகிதப் பையை ஊதி அடித்து வெடிக்க வைத்தார். தட்டச்சர் துள்ளிவிட்டார். குளோரி ஓடிக்கொண்டே இருந்தாள். நூற்றைம்பத்தேழு.

ராஜகுமார் பட்டைக்கு அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. தன் முறையில் உதவத்தான் பார்த்தார்.

"அம்மா, உங்கள் கணவர் இறந்த நாளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்."

எலிசா, "சார்!" என்றாள்.

குளோரி நினைத்துக்கொண்டாள். வேலை வேண்டுமே. மணலில் கிடந்த மஞ்சள் பனியன். தொட்டுப் பார்த்தபோது இன்னும் ஈரம் காயாத முடி. பக்கத்தில் நின்று போனைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த ஆள். அவள் ஓடிக்கொண்டே அழுதாள். கண்ணீரும் வியர்வையும் சேர்ந்து பட்டையில் விழுந்து, பட்டையோடு சுற்றி வந்து, மறுபடி அவள் காலுக்கடியில் ஈரமாக வந்தது. திரையில் நூற்றைம்பத்தேழு.

துக்கமும் போதாது என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. ஆகவே முயற்சி போதாது என்றே பதிவானது.

ராஜகுமார் அதோடு விட்டுவிடவில்லை. குளோரியை உட்கார வைத்து, கால்குலேட்டரை எடுத்து, அவளுடைய இதயத்துக்குப் பொருத்தமான வயது எது என்று தேடினார். நாற்பத்தைந்து வயதுக்கு நூற்றைம்பத்தெட்டு வேண்டும். ஒன்று குறைகிறது. நாற்பத்தாறு வயதுக்கு நூற்றைம்பத்தேழு. கச்சிதம். அவர் முகம் மலர்ந்தது.

"நான்கு வருஷம் கழித்து வாருங்கள் அம்மா. இதே இதயத்தோடு வாருங்கள். அப்படியே தேர்ச்சி."

எலிசா மெதுவாகச் சொன்னாள். "சார், அந்த வேலைக்கு நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்க மாட்டாவ."

ராஜகுமார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படித்தான் இருந்தது. "பாருங்கள், எவ்வளவு யோசித்துப் போட்டிருக்கிறார்கள்" என்றார். மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்பதையும் அவரே சொன்னார்.

மேல்முறையீட்டுக் குழு நாகர்கோவிலில் வாரியத்தின் தலைமையிடத்தில் கூடியது. மூன்று பேர். தலைவர் சுயம்புராஜ் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வுபெற்ற பிறகு ஏழு குழுக்களில் இருந்தார். மற்ற இரண்டு பேரும் அவர் தலையாட்டும்போது தலையாட்டினார்கள். ராஜகுமார் வந்திருந்தார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு எலிசாவும் வந்திருந்தாள். குளோரியும் ஜின்சியும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"விதி தவறு என்று சொல்கிறீர்களா?" என்று தலைவர் கேட்டார்.

"விதி எனக்குத் தெரியாது சாரே. எனக்க நெஞ்சு இவ்வளவுதான் அடிக்குது. அத வச்சுத்தான் இவ்வளவு காலமும் நடந்தேன், சொமந்தேன், பெத்தேன்."

ராஜகுமார் எழுந்தார். "ஐயா, விதி எவ்வளவு துல்லியமானது என்பதற்கு ஒரு ஆவணம் கொண்டுவந்திருக்கிறேன். நம் ஊழியர் ஒருவருடைய சோதனை. வயது நாற்பத்தைந்து. விதிப்படி அதிகபட்சம் நூற்று எழுபத்தைந்து. அவருடைய இதயம் எட்டியது நூற்று எழுபத்தைந்து. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதிய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதைத்தான் காட்டுகிறோம். மாதிரி இதயம்."

அவர் ஒரு காகிதச் சுருளை மேசையில் விரித்தார். சிவப்புக் கட்டம் போட்ட தாளில் கறுப்புக் கோடுகள் ஏறி இறங்கி ஓடின.

"ஊழியர் பெயர்?"

"கிளீட்டஸ், மீட்புக் காவலர்."

குளோரி எழுந்து நின்றாள். "அது எனக்க மாப்பிள" என்றாள்.

"ஆமாம். அதனால்தான் எடுத்துவந்தேன். ஒரே வீட்டில் இப்படி ஒழுங்கான ஒரு இதயம் இருந்திருக்கிறது. அதைப் பார்த்தாவது..."

"அது நின்னு போச்சே சாரே."

"நின்றது பிற்பாடு. சோதனையின்போது நிற்கவில்லை" என்றார் ராஜகுமார்.

"இது எப்பம் எடுத்தது?"

தேதியைப் பார்த்துச் சொன்னார்கள். கிளீட்டஸ் சாவதற்குச் சரியாக எண்பது நாள் முந்தி. குளோரி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். "அந்த ஞாயிற்றுக்கெழம, அந்த ஆள இழுத்துட்டு வரும்போ, இவருக்க நெஞ்சு எத்தன அடிச்சிருக்கும்?"

மூன்று பேரும் சுருளைப் பார்த்தார்கள். பிறகு தலைவர், "அது வாரியம் அளந்த துடிப்பு அல்ல" என்றார்.

அப்போதுதான் எலிசா வாய் திறந்தாள். "சார், அந்தச் சுருள்ல ஒம்பதாவது நிமிஷத்துல பாருங்க. சிவப்புப் பென்சில்ல வட்டம் இருக்கு. நான் போட்டது. ஓட ஓடக் கோடு கீழ எறங்குது. நெஞ்சுக்கு ரெத்தம் சரியாப் போவல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு அன்னைக்கே சொன்னேன். நம்பரு சரியா வந்துட்டுல்லா, பொறவென்னன்னு சார் கேட்டாரு."

ராஜகுமார் கோபப்படவில்லை. உண்மையிலேயே குழம்பிப்போய்த் தலைவரைப் பார்த்தார். "ஐயா, படிவத்தில் எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது. கோட்டுக்குக் கட்டம் இல்லை. நான் எங்கே எழுதுவது?"

தலைவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். கோட்டுக்குக் கட்டம் இல்லைதான். மூன்று தலைகளும் ஆடின.

தலைவர் தீர்ப்பை அங்கேயே சொன்னார். "இந்த அம்மாவின் இதயம் சரி என்றால் விதி தவறாகிறது. விதி தவறு என்றால், அதே விதியால் தகுதி பெற்ற இவருடைய கணவரின் சான்றும் கேள்விக்குரியதாகிறது. கடமையில் உயிர் துறந்த ஒரு ஊழியருடைய நற்சான்றில் கைவைக்க இந்தக் குழுவுக்கு மனம் வரவில்லை. அம்மா, இது உங்கள் கணவருக்கு நாங்கள் செலுத்தும் மரியாதை. மேல்முறையீடு தள்ளுபடி." கீழே எழுத்தர் இன்னொரு வரியும் சேர்த்துக்கொண்டார்: அலுவலக ஆவணத்தில் சிவப்புப் பென்சில் பயன்படுத்தியது குறித்துக் கருவியை இயக்கும் ஊழியரிடம் விளக்கம் கேட்கப்படும்.

ஜின்சி அழுதாள். குளோரி அழவில்லை. மேசையில் கிடந்த சுருளைக் காட்டி, "அத எனக்குத் தருவியளா சாரே?" என்று கேட்டாள்.

"அது வாரியத்தின் சொத்து அம்மா" என்று ராஜகுமார் அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார்.

வேலை இல்லை என்றானதும் மணலில் இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. மறுநாள் விடிந்ததும் குளோரி சருவத்தை எடுத்துக்கொண்டு ஏலத்துக்குப் போனாள். வள்ளங்கள் கரையேறின. அவள் கடலைப் பார்க்காமல் மீனை மட்டும் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் சருவத்தை அவள் தலையில் தூக்கி வைக்கும்போது கையைக் கொஞ்சம் அழுத்திவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் எலிசா நின்றுகொண்டிருந்தாள். கையில் துணிப்பை. அவளைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், இன்னும் பதில் இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு காகிதச் சுருளை எடுத்தாள்.

"அண்ணனுக்க பதிவு மெஷின்லயே கெடந்துதுக்கா. அறைய விட்டுப் போறதுக்கு மின்ன இன்னொண்ணு எடுத்தேன்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு நான் அவருட்டயே நேரே சொல்லியிருக்கணும். அண்ணா, வேலைக்குப் போவாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. ஆபீஸ்ல சொன்னாப் போதும்னு நெனச்சிட்டேன்."

குளோரி சுருளை வாங்கிக்கொண்டாள். மன்னித்தாளா என்று எலிசாவுக்குத் தெரியவில்லை. குளோரிக்கும் தெரியவில்லை. கடைசியில், "வெயில்ல வந்திருக்கிய. உள்ள இரிங்க, சாயா போடுதேன்" என்றாள்.

எலிசா சாயா குடித்துவிட்டுப் போன பிறகு, அம்மாவும் மகளும் சுருளைத் தரையில் விரித்தார்கள். முன்னறையில் ஆரம்பித்து, வாசற்படியைத் தாண்டி, அடுக்களை வரைக்கும் போனது. காற்றில் பறக்காமல் இருக்க ஜின்சி பாடப் புத்தகங்களை ஓரத்தில் வைத்தாள். அவள் முட்டி போட்டு விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தாள். இங்கே நடக்கிறார். இங்கே வேகம் கூடுகிறது. இங்கே ஓட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் விரல் நின்றது. அவள் படிக்கிற படிப்பில் அந்தப் பாடம் வந்துவிட்டிருந்தது. விரல் மறுபடி நகர்ந்தது.

அடுக்களைக்குள் கோடு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு அடிக்க ஆரம்பித்தது. ஓட்டம் முடிந்து ஆள் மூச்சு விடுகிற இடம். அடுப்புக்கு ஒரு முழம் இப்பால் கோடு சட்டென்று நின்றது. அதற்குப் பிறகு வெறும் சிவப்புக் கட்டங்கள்.

ஜின்சி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "இங்கன என்னம்மா ஆச்சு?"

"அங்கன வயரக் கழத்திட்டாவ மக்கா" என்றாள் குளோரி. "பொறவு வீட்டுக்கு வந்தாரு. சாள மீனு புளிமுளம் வச்சிருந்தேன். பாஸாயிட்டேன்ட்டீன்னு சொல்லிச் சொல்லி ரெண்டு மட்டம் சோறு வாங்கித் தின்னாரு."